ரோஜாப்பூவுக்குப் பின்னால் நின்றவர்

நம் கல்யாண வீடியோ கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும், வேலையை விட்ட பிறகும் டீ குடிக்க அங்கே வந்துபோகிற என்னிடம், போன வாரம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சார், பிரிஞ்சு கெடக்குற பைலையெல்லாம் சேத்து மறுபடியும் ப்ளூரே டிஸ்க்கா ஆக்குறதுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பதை இரண்டே மாதத்தில் நீங்களும் கண்டுகொண்டிருப்பீர்கள். பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், கேட்ட பிள்ளைகள் மேல் என்ன தப்பு என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். சாஃப்ட்வேர் எதுவாக இருந்தாலும் சரி, எல்லாம் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் ஒட்டிக் கொடுத்துவிடும். எதை ஒட்டுகிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். அதைச் சொல்கிறேன்.

முதலில் என் குருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினொரு வயது சின்னவர். கல்யாணக் கேமரா பிடித்துக்கொண்டிருந்த நான் நாற்பதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அந்தப் பெண்தான் கற்றுக் கொடுத்தது. நான் கேலிக்கு 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்து, கடை முழுக்க அதுவே பேராகிவிட்டது. அதிர்ந்து பேச மாட்டார். நான் ஏதாவது சொதப்பினால் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "இதுக்கு என்ன அவசரம் அண்ணே?" என்பார். அவ்வளவுதான், எனக்கு வியர்த்துவிடும். பிறகு கல்யாணமாகிப் புதுச்சேரிக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அவர் போன் என்றால் நான் எழுந்து நின்றுதான் பேசுகிறேன். என் மனைவி பார்த்துச் சிரிப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம். அம்பகரத்தூரிலிருந்து கமலம்மா என்று ஒருவர் கடைக்கு வந்தார். அறுபதை ஒட்டிய வயது. கைப்பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு ஹார்டு டிஸ்க், பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றியிருந்தது.

"தம்பி, எம் பொண்ணு கல்யாண டிஸ்க்கு ஒங்க கடையில போட்டதுதான். மழையில அலமாரிக்குள்ள தண்ணி போயி டிஸ்க்கு தோலுரிஞ்சுபோச்சு. மாப்ள எப்பயோ இதுல காப்பி பண்ணி வச்சிருந்தாரு. டிவியில சொருவுனா ஓடவே மாட்டேங்குது. பழையபடி டிஸ்க்கா ஆக்கிக் குடுங்க. போட்டா ஓடணும், எனக்கு அது போதும்."

என்னைத் தம்பி என்று கூப்பிட அப்போதெல்லாம் ஊரில் ஆளே கிடையாது. அதிலேயே பாதி மயங்கிவிட்டேன். எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

"அடுத்த வெள்ளிக்கெழம அவருக்கு மொத வருச நெனவு நாள். சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. அவர ஃப்ளெக்ஸ்ல அசையாம நிக்கிறதையே பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு தம்பி. நடக்குறதப் பாக்கணும்."

அவருடைய கணவர் ராஜமாணிக்கம். பெயரைச் சொன்னதுமே எனக்கு ஆள் நினைவுக்கு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் கடைக்கு வந்து மேசையைத் தட்டிவிட்டுப் போனவர். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். மருமகன் எல்லோரும் செய்வதைத்தான் செய்திருந்தார். ப்ளூரே டிஸ்க்குக்குள் படம் துண்டு துண்டாக, எண் போட்ட பெரிய பைல்களாக இருக்கும். கூடவே குட்டி குட்டியாகச் சில பைல்கள் இருக்கும். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு ஓட வேண்டும் என்ற பட்டியல் அந்தக் குட்டிகளுக்குள்தான் இருக்கிறது. பிளேயர் அந்தப் பட்டியல் சொல்கிறபடிதான் ஓட்டும். மருமகன் பெரியதை மட்டும் அள்ளிக்கொண்டு, குட்டிகளைக் குப்பை என்று விட்டுவிட்டார். ஆக, என் கையில் பதினொரு துண்டு இருக்கிறது. வரிசை கிடையாது.

நான் என்ன செய்தேன்? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசையில் அடுக்கினேன். பதினொன்றாவது துண்டு நாலு நிமிடம்தான் இருந்தது. முதல் சில நொடிகளைப் பார்த்தேன். பாட்டு இல்லை, நிறம் திருத்தவில்லை, கேமரா ஆடிக்கொண்டே வருகிறது. கழிவு என்று ஓரமாகத் தள்ளிவிட்டேன். மிச்சப் பத்தையும் கோத்து, ஒரே கட்டாக இமேஜ் பைல் ஆக்கி, டிஸ்க்கில் எழுதி, பிளேயரில் போட்டேன். ஓடியது. முதல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பெரிய வித்தை காட்டியவன் மாதிரி கமலம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

அவர் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். முதலில் தாலி கட்டியாயிற்று. அடுத்து மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. அதற்கடுத்து நலங்கு. கமலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, தாலியக் கட்டிட்டு அப்புறமாத்தான் பொண்ணுக்கு நலங்கு வப்பீங்களா ஒங்க ஊர்ல?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நம் கடைப் பழக்கம் உங்களுக்கே தெரியும். எடிட்டிங்குக்கு உட்கார்ந்தால் முதலில் வெட்டிச் சேர்ப்பது தாலி கட்டும் துண்டைத்தான். மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்று முதலாளி வைத்த வழக்கம். அதனால் எந்தக் கல்யாணமானாலும் ஒன்றாம் நம்பர் தாலிதான். மற்றது எல்லாம் அவரவர் கைக்கு வந்த வரிசையில் போகும். பதினைந்து வருடம் அப்படியே வெட்டியவன் நான். என் கடைப் பழக்கத்தையே மறந்து, எண்ணை நம்பி அடுக்கியிருக்கிறேன்.

நான் அசடு வழிந்துகொண்டு நிற்க, கமலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணொண்ணா காட்டுங்க" என்றார். மகள் தலையிலிருந்த பூவைப் பார்த்தே வரிசை சொன்னார். "இதுல பூ இப்பத்தான் வச்சிருக்கு, ஈரம் தெரியுது பாருங்க. இது விடியக்காலம். இதுல பூ சரிஞ்சிருக்கு, மாலை மாத்துனதுக்கு அப்புறம். இதுல வாடியேபோச்சு, இது பந்திக்கு அப்புறம்." சில இடங்களில் கணவரின் தோள் துண்டைப் பார்த்துச் சொன்னார். காலையில் மடிப்போடு இருந்தது, மத்தியானத்துக்குள் கசங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் பத்துத் துண்டையும் பிசகில்லாமல் அடுக்கிக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாத மனுஷி. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இடையில் ஓர் இடத்தில் கமலம்மா திரைக்கு அருகில் குனிந்தார். மணமேடைக் காட்சி. ஓரத்தில் திடீரென்று ஒரு பெரிய ரோஜாப்பூ முளைத்துச் சுழன்றது. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் எல்லா இடத்திலும் பூ சுழலும், நீங்களும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். ஆனால் இந்தப் பூ அழகுக்கு வைத்தது இல்லை.

"அந்த ரோசாப்பூவுக்குப் பின்னாடி யாரு நிக்கிறான்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றார் கமலம்மா.

எனக்கும் தெரியும். அவருடைய தம்பி செல்வராசு. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். பக்கத்தில் பூவம் கிராமத்துக்காரர். கல்யாணம் முடிந்து நாம் டிஸ்க் கொடுப்பதற்குள் (நாம் டிஸ்க் கொடுப்பதற்குள் குழந்தையே பிறந்துவிடும் என்பது ஊர் அறிந்த கதை) அவருக்கும் ராஜமாணிக்கத்துக்கும் ஏதோ நிலத் தகராறு. ராஜமாணிக்கம் நேராகக் கடைக்கு வந்து மேசையைத் தட்டினார். "அவன் மூஞ்சி ஒரு எடத்துல தெரியக் கூடாது. தாய்மாமன் சீரு மொத்தத்தையும் வெட்டுங்க" என்றார். மேடம்தான் வெட்டினார். வெட்ட முடியாத இடங்களில் பூவை வைத்து மறைத்தார். அதன்பிறகு பத்து வருடம் அக்காவும் தம்பியும் பேசவில்லை. கணவர் விடவில்லை, இவரும் மீறவில்லை. கணவர் சாவுக்கு வந்தபோதுகூட செல்வராசு வாசலோடு திரும்பிப் போய்விட்டாராம்.

வரிசை சரியான பிறகு முழுவதையும் ஓட்டினேன். இரண்டு மணி நேரம், கண் கொட்டாமல் பார்த்தார். ராஜமாணிக்கம் நடந்தார், சிரித்தார், யாரையோ கையசைத்துக் கூப்பிட்டார். முடிந்ததும் கமலம்மா எழுந்திருக்கவில்லை.

"பாட்டெல்லாம் நல்லாருக்கு தம்பி. அவரு பேசுறது ஒண்ணும் இல்லையா?"

பத்துத் துண்டையும் மறுபடி தட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. வாயசைகிறது, பாட்டு ஓடுகிறது. எல்லாத் துண்டிலும் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு. பாட்டுப் போடுவது நம் கடையில் என் வேலை. எந்த இடத்துக்கு எந்தப் பாட்டு என்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். பாட்டைப் போடும்போது அசல் சத்தத்தை முழுக்க எடுத்துவிடுவோம். கல்யாண வீட்டில் ஜனங்கள் பேசுவது எனக்கு அப்போது இரைச்சல். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"பரவால்ல தம்பி. போன்லகூட அவரு குரலு ஒண்ணும் இல்ல. இதுலயாவது இருக்குமோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் டிஸ்க்கைத் தயாராக வைக்கச் சொல்லிக் கிளம்பினார்.

அவர் படியிறங்கிய பிறகுதான் அந்தப் பதினொன்றாவது துண்டு உறைத்தது. அதில் பாட்டு இல்லை. பாட்டுப் போடுவதற்கு முன்பே வெட்டி ஒதுக்கியதாக இருந்தால்தானே பாட்டு இருக்காது? அப்படியானால் அசல் சத்தம் அப்படியே இருக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திறந்தேன். தாய்மாமன் சீர். செல்வராசு பெண்ணுக்கு மாலை போடுகிறார். பிறகு கூட்டத்தை விட்டு ஒதுங்கி வருகிறார். எதிரில் ராஜமாணிக்கம் வந்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிறார். தெளிவான குரல். ஒரு சொல் விடாமல் கேட்கிறது. நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த அம்மா ஏங்குகிற குரல் என் கையில் இருக்கிறது. ஆனால் அதே மனிதர் என் கண்முன்னால் மேசையைத் தட்டி வெட்டச் சொன்ன காட்சி அது. வெள்ளிக்கிழமை அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் அந்த டிவி முன்னால் உட்காரப் போகிறார்கள். அதில் செல்வராசு வந்து நின்றால், நினைவு நாள் ரணகளமாகிவிடும். சொல்லாமலே விட்டுவிடலாமா என்று முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அப்புறம் என் மூளை வேலை செய்தது. குரலை மட்டும் தனியாக உருவி, அவர் தனியாக நடந்து வருகிற வேறொரு காட்சியின் மேல் ஒட்டிவிட்டால்? செல்வராசு தெரிய மாட்டார், குரல் கேட்கும், எல்லோருக்கும் திருப்தி. உட்கார்ந்து பாதி ஒட்டியும் விட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் புதுச்சேரிக்குப் போன் போட்டேன்.

மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். நான் அவரிடம் முதலில் கேட்டது, வெட்டியதை ஏன் டிஸ்க்குக்குள்ளேயே வைத்தார் என்பதுதான்.

"வெட்டச் சொன்னாரு, வெட்டிட்டேன் அண்ணே. பட்டியல்ல சேக்கல, அதனால ஓடாது. அழிக்கச் சொல்லி அவரு கேக்கலையே. என்னைக்காவது கோவம் ஆறிப்போயி வந்து கேட்டா நாம எங்க போயித் தேடுறது? நம்ம கடை கம்ப்யூட்டரு எத்தன தடவ மாறும். அவங்க டிஸ்க்குலயே, அவங்க வீட்டு அலமாரியிலயே இருந்தா பத்திரமா இருக்கும்ல."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் வெட்டியபோது நானும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எனக்குத் தோன்றியதெல்லாம், அப்பாடா, ஒரு துண்டுக்குப் பாட்டுத் தேடுகிற வேலை மிச்சம் என்பதுதான். அந்தப் பெண் பத்து வருடம் தள்ளி நின்று யோசித்திருக்கிறது. அன்றைக்கு அவருக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. நான் என் ஒட்டு வேலையைப் பற்றி ஆசையாகச் சொன்னேன்.

"அது வேணாம் அண்ணே. அவரு யாருகிட்ட பேசுனாரோ அந்த ஆள எடுத்துட்டு பேச்ச மட்டும் வச்சா, அது பொய்யி. அப்புறம் இன்னொண்ணு. அந்தம்மாவுக்கு இது வேணுமா வேணாமான்னு நாம ஏன் முடிவு பண்ணணும்? இருக்குன்னு சொல்லுங்க. தனியா ஒக்கார வச்சுக் காட்டுங்க. என்ன செய்யணும்னு அவங்க சொல்லட்டும். இதுக்கு என்ன அவசரம்?"

நின்றபடியே பேசிக்கொண்டிருந்தவன், சரி மேடம் என்று சொல்லிப் போனை வைத்தேன். ஒட்டியதை அழித்தேன். கமலம்மாவுக்குப் போன் செய்து, "அம்மா, ஒரு துண்டு கெடச்சிருக்கு. அதுல ஒங்க வீட்டுக்காரரு பேசுறாரு. ஆனா ரோசாப்பூவுக்குப் பின்னாடி இருந்தவரும் அதுல இருக்காரு. பாக்குறதும் விடுறதும் ஒங்க விருப்பம்" என்றேன். "அடுத்த பஸ்ஸுக்கு வர்றேன்" என்றார்.

மத்தியான நேரம். மேடம் அந்தத் துண்டை அழிக்காமல் டிஸ்க்குக்குள்ளேயே வைத்திருந்த கதையைச் சொல்லி, கடைக்கதவைச் சாத்திவிட்டு ஓட்டினேன். செல்வராசின் தோளில் கை போட்டுக்கொண்டு ராஜமாணிக்கம் பேசுகிறார்.

"மாப்ள, ஒங்கக்கா காலேலேந்து பச்சத் தண்ணி குடிக்கல. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ போயி சொல்லு, ஒம் பேச்சத்தான் கேப்பா. மொதல்ல அவள ஒக்கார வச்சு சாப்புட வையி. அப்புறம் பாத்துக்கலாம் மத்ததெல்லாம்."

செல்வராசு சரிங்க மாமா என்று சொல்லிக்கொண்டே போகிறார். துண்டு முடிந்துவிட்டது.

"திரும்பப் போடுங்க" என்றார் கமலம்மா. போட்டேன். மறுபடியும் கேட்டார். எத்தனை முறை போட்டேன் என்று நான் எண்ணவில்லை. நடுவில் அழுதார், நடுவில் சிரித்தார். "அன்னைக்கி இவன் வந்து என்னை இழுத்துட்டுப் போயி பந்தியில ஒக்கார வச்சான் தம்பி. இவனா வந்தான்னுல்ல நெனச்சேன். அவரு அனுப்பியா வந்தான்?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் மணிக்கணக்காகக் குழம்பிய விஷயத்துக்கு ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"வீட்டு டிஸ்க்குல இது ஓட வேணாம். வேணாம்னு அவரு சொன்னது அவங்க வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். செத்தவரு பேச்ச நடுக்கூடத்துல வச்சு நான் ஒடைக்க மாட்டேன். அந்தப் பொண்ணு எப்புடி வச்சிச்சோ, அப்புடியே உள்ள இருக்கட்டும். இத மட்டும் தனியா ஒரு டிஸ்க்குல போட்டுக் குடுங்க."

"தனியா யாருக்கும்மா?"

"பூவத்துப் பஸ்ஸு இப்ப எத்தன மணிக்கு?"

அன்று நான் கட்டிய டிஸ்க்கில் பதினொரு துண்டு இருந்தது. பட்டியலில் பத்துதான். அழகான மெனுவெல்லாம் போடவில்லை. போட்டால் ஓடும்.

வெள்ளிக்கிழமை என்னையும் சாப்பிட அழைத்திருந்தார். அம்பகரத்தூருக்குப் போனேன். படையல் முடிந்து கூடத்தில் டிவி ஓடியது. ராஜமாணிக்கத்தின் அண்ணன் தம்பிகள் முன்வரிசையில் இருந்தார்கள். ஓரத்தில் ரோஜாப்பூ சுழன்றது. அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நரைத்த மீசையோடு ஒருவர் உள்ளே வந்தார். கூடம் கப்பென்று அடங்கிவிட்டது. செல்வராசு யாரையும் பார்க்கவில்லை. ராஜமாணிக்கம் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்து நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கே கமலம்மா பந்திக்குச் சாம்பார் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து விரதம்.

"அக்கா, கரண்டியக் குடு" என்று வாங்கிக்கொண்டார். "மொதல்ல ஒக்காந்து சாப்புடு. மாமா சொல்லியிருக்காங்க."

எங்களோடு கூடத்திலிருந்து பின்னாலேயே எழுந்து வந்த ராஜமாணிக்கத்தின் மூத்த அண்ணன் அதைக் கேட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கமலம்மா தலையைக் குனிந்துகொண்டு இலை முன்னால் உட்காருவதைப் பார்த்து, நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். கூடத்தில் நான் கட்டிய டிஸ்க் கடைசி வரை பிசகில்லாமல் ஓடியது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. வேறு நாளாக இருந்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்திருக்கும். அன்றைக்கு நான் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து, புதுச்சேரிக்குப் போன் போட்டேன். நின்றுகொண்டுதான் பேசினேன்.